லண்டன் ட்யூப் ரயில்: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்கு வந்த முதல் வாரத்தில் லெஸ்டர் ஸ்கொயரில் ட்யூப் என்னும் சுரங்க ரயிலில் ஏறி, அடுத்த நிலையமான கோவன்ட் கார்டனில் இறங்கினேன். லிஃப்ட் வாசலில் கூட்டம். காத்திருக்கப் பொறுமையில்லாமல் படிக்கட்டைப் பிடித்தேன். சுற்றிச் சுற்றி ஏறும் அந்தப் படிகள் 193. மேலே வந்து மூச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது, ஏறிய நிலையத்துக்கும் இறங்கிய நிலையத்துக்கும் நடுவில் முந்நூறு மீட்டர்கூட இல்லை என்று. ஐந்து நிமிடம் நடந்திருக்கலாம்.

பழி ட்யூப் தடங்களைக் காட்டும் வரைபடத்தின் மேல் இல்லை, அதை ஊரின் படமாகப் பார்த்த என் மேல்தான். அது ஹாரி பெக் என்ற வரைவாளர் வரைந்து 1933இல் வெளியான படத்தின் வாரிசு. மின்சுற்றுப் படம் போல நேர்கோடும் சாய்கோடுமாக இருக்கும். எங்கே வண்டி மாறலாம் என்று சொல்லும்; எவ்வளவு தூரம் என்று சொல்லாது. நகரின் நடுப்பகுதியில் ஓரிரு நிலையத் தூரம்தான் என்றால், முதலில் நடைவழியைப் பாருங்கள்.

இதைவிட அதிகம் அலைக்கழிப்பது, நிறத்தை மட்டும் நம்பி ஏறுவது. நார்தர்ன் லைன் வரைபடத்தில் ஒரே கறுப்புக் கோடு. ஆனால் கேம்டன் டவுனுக்கும் கென்னிங்டனுக்கும் இடையில் அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று பேங்க் வழியாகவும் மற்றது சாரிங் கிராஸ் வழியாகவும் போகிறது. தமிழ்க் கடைகளுக்காக டூட்டிங் போகிறவர்கள் சாரிங் கிராஸ் வழி வண்டியில் ஏறிவிட்டால், பெரும்பாலும் கென்னிங்டனில் இறங்கி மாற வேண்டியிருக்கும். பிக்கடிலி லைனில் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஆக்டன் டவுனுக்குப் பிறகு ஒரு கிளை ஹீத்ரோவுக்கும் மற்றொன்று அக்ஸ்பிரிட்ஜுக்கும் பிரிகிறது. ஹீத்ரோ வண்டிகளிலும் டெர்மினல் 4க்குப் போவது வேறு, டெர்மினல் 5க்குப் போவது வேறு. பெட்டிகளோடு நிற்கும்போது கோட்டின் நிறத்தைப் பார்க்காதீர்கள். வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயரைப் பாருங்கள். நடைமேடைப் பலகையிலும் வண்டியின் நெற்றியிலும் அது எழுதியிருக்கும்.

திசைப் பெயரும் குழப்பும். வாசல் எந்தத் திசை என்று கேட்டு வீடு பார்க்கும் நமக்கே, பூமிக்கடியில் வடக்கு எது, கிழக்கு எது என்று பிடிபடாது. நடைமேடைக்குப் போகும் வழியில் சுவரில் அந்தப் பக்கத்து நிலையங்களின் பட்டியல் இருக்கும். உங்கள் நிலையம் அதில் இருந்தால் போங்கள், இல்லையென்றால் எதிர்ப்பக்கம்.

இனி பணம். ட்யூபில் ஏறும்போதும் வெளியேறும்போதும் கார்டைக் கருவியில் வைக்க வேண்டும். அது தொட்டாலே பணம் போகும் வங்கிக் கார்டாகவும் இருக்கலாம், பணம் நிரப்பி வைத்துக்கொள்ளும் லண்டன் பயணக் கார்டான ஆய்ஸ்டராகவும் இருக்கலாம். டிஎல்ஆர் என்னும் இலகு ரயிலின் நிலையங்கள் பலவற்றில் தடுப்புக் கதவே கிடையாது. அதனால் பலரும் மறந்து நடந்துவிடுகிறார்கள். வெளியேறும்போது வைக்காவிட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். அதைவிட நுட்பமான தவறு, உள்ளே போக ஃபோனையும் வெளியே வர பிளாஸ்டிக் கார்டையும் நீட்டுவது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்குதான் என்பது உங்களுக்குத் தெரியும். கருவிக்கு அவை இரண்டு ஆட்கள். முழுமையடையாத பயணங்கள் இரண்டு என்று கணக்காகி, இரண்டுக்கும் பணம் போகும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்ற உச்சவரம்பும் ஒரே கார்டைப் பயன்படுத்தினால்தான் கைகொடுக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த வங்கிக் கார்டு என்றால், வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு அதைத் திறந்துவிட்டீர்களா, ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆய்ஸ்டர் கார்டு வாங்கிவிடுவது நிம்மதி.

சில நிலையங்களில் இளஞ்சிவப்பு நிறக் கருவி ஒன்று தனியாக நிற்கும். நடுநகரமான மண்டலம் 1க்குள் போகாமல் சுற்றி வருகிறவர்கள், வண்டி மாறும் இடத்தில் அதில் கார்டை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நடுநகரம் வழியாகப் போனதாகக் கணக்கிட்டுக் கூடுதலாகப் பிடிக்கக்கூடும். வேலை நாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் நெரிசல் நேரக் கட்டணம். அவசரமில்லாத வேலையை இந்த நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் வைத்தால் போதும், ஆனால் கட்டணத்தை ரொக்கமாக வாங்க மாட்டார்கள்.

எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நில்லுங்கள். இடப்பக்கம் நடப்பவர்களுக்கு. இதற்கு அபராதம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்கும், அவ்வளவுதான்.

வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய வண்டி ஓடுகிறது என்று கேள்விப்பட்டு எல்லாத் தடத்துக்கும் அதை நீட்டிவிடாதீர்கள். சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடிலி, விக்டோரியா ஆகிய ஐந்தில் மட்டும்தான், அதிலும் எல்லாக் கிளைகளிலும் இல்லை. ஈஸ்ட் ஹாமுக்குப் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் இந்தப் பட்டியலில் இல்லை. உறவினர் வீட்டு விருந்து முடியத் தாமதமானால், இரவு பஸ் எங்கே நிற்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் பராமரிப்பு வேலைக்காகத் தடங்களை மூடுவதும் உண்டு. அதையும் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.