மான் மேயும் ஊரில் செடி வாங்குவதற்கு முன்

நியூ ஜெர்சியில் புதிதாக வீடு வாங்கியவர்கள் முதல் வேலையாக டூலிப் கிழங்குகளை நட்டுவைப்பார்கள். ஏப்ரலில் மொட்டு நிறம் காட்டும் நேரம் பார்த்து வெள்ளைவால் மான் வந்து, மொட்டைக் காம்புகளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். டூலிப் ஆசை இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த இடத்தில், அதேபோல் வசந்தத்தில் பூக்கும் கிழங்குச்செடியான டாஃபடில் நடுங்கள். கிழங்கு, இலை, பூ எல்லாமே நஞ்சு என்பதால் மான் அதில் வாய் வைப்பதில்லை. மண் உறைவதற்கு முன், அக்டோபர் வாக்கில், கூர்முனை மேலே இருக்கும்படி ஆறு அங்குல ஆழத்தில் நட வேண்டும். பார்ப்பதற்கு அந்தக் கிழங்கு வெங்காயம் என்றே தோன்றும். எனவே சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

செடியைத் தின்றது மான்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. இலையைக் கவ்வி இழுத்துப் பிய்க்கும். அதனால் காம்பின் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் என்றால் தரையோரமாகச் சாய்வாக, சுத்தமாக அறுத்திருக்கும்.

நர்சரியில் ‘மான் தின்னாது’ என்று ஒட்டியிருக்கும் லேபிளை நான் பெரிதாக நம்புவதில்லை. இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பேன். லாவெண்டர், கேட்மின்ட், ரஷ்யன் சேஜ், ரோஸ்மேரி போல மூக்கில் ஏறும் வாசனை இருந்தால் நல்லது. லாம்ப்ஸ் இயர் போல இலை முழுக்கப் பஞ்சு ரோமம் இருந்தாலும் நல்லது. முள்ளை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். ரோஜாவின் தளிரையும் மொட்டையும் மான் முள்ளோடு சேர்த்தே மென்றுவிடும். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம், மான் எந்தச் செடியை எவ்வளவு சேதப்படுத்தும் என்று நான்கு தரமாகப் பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கடைக்குக் கிளம்பும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூச்செடிகளில் பியோனியும் ஹெல்லபோரும் தைரியமாக வாங்கலாம். ஆனால் ஹெல்லபோரும் நஞ்சுதான், குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். அகன்ற இலைச்செடியான ஹோஸ்டாவோ மானுக்குப் பந்தி விரித்து இலை போட்டதுபோல.

வேலிச்செடியில்தான் பலரும் காசை இழக்கிறார்கள். கடையில் வரிசையாக நிற்கும் ‘எமரால்டு கிரீன்’ ஆர்போர்விட்டே என்ற பசுமை மாறா வேலிமரம் மலிவுதான். பனிக்காலத்தில் வேறு பச்சை கிடைக்காதபோது, மானின் வாய் எட்டும் உயரம்வரை அது மொட்டையாகிவிடும். பாக்ஸ்வுட் என்ற பசும்புதர் மெதுவாக வளர்ந்தாலும் மானிடம் தப்பி நிற்கும். ஜப்பானியப் பார்பெரியை மான் தொடாது என்று யாராவது சொன்னால் உண்மைதான். ஆனால் அது காட்டுக்குள் பரவி அழிக்கும் செடி, அதன் அடர்ந்த புதரில் உண்ணிகளும் பெருகும். பக்கத்து பென்சில்வேனியாவில் அதன் விற்பனைக்கே தடை இருக்கிறது.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது மானுக்கும் பொருந்தும். கடும்பனியில் எந்தப் பட்டியலும் செல்லாது. நர்சரியிலிருந்து வந்த புதுச்செடி உரம் தின்று கொழுத்துத் தளதளவென்று இருக்கும். பிடிக்காத செடியைக்கூட மான் ஒரு வாய் இழுத்துப் பார்க்கும், வேர் பிடிக்காத செடி வேரோடு வந்துவிடும். அதனால் முதல் சில வாரங்களுக்கு முட்டை கலந்த விரட்டி மருந்தைத் தெளியுங்கள். மழை பெய்தால் மறுபடியும் தெளிக்க வேண்டும். நாற்றம் காய்ந்ததும் நமக்குத் தெரியாது, மானுக்குத் தெரியும்.

நம் காய்கறிகளுக்குச் செடித்தேர்வு உதவாது. அவரைக்கொடி, வெண்டை, சர்க்கரைவள்ளி இலை மூன்றும் மானுக்கு உயிர். பாத்தி ஓரத்தில் பூண்டு நட்டால் பூண்டு தப்பிக்கும், அவரை தப்பிக்காது. அவற்றுக்கு எட்டடி உயர வலை வேலிதான் வழி. கட்டுவதற்கு முன் வேலி உயரம் பற்றி உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைத் தொட்டியைப் பற்றிக் கவலையில்லை, குளிருக்குப் பயந்து அது எப்படியும் பாதி வருடம் வீட்டுக்குள்தான் இருக்கப்போகிறது.