ஏகேபி48 சிங்கிள் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஜப்பானில் ரசிகர்களோடு நெருங்கிப் பழகும் இளம் பாடகர்களின் குழுக்களை 'ஐடல்' குழுக்கள் என்பார்கள். அவற்றின் பாட்டுகளுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் சறுக்குவது 'சிங்கிள்' என்ற சொல்லில்தான். ஒரு முக்கியப் பாட்டை முன்னிறுத்தி, கூடவே சில பாட்டுகளோடு வரும் சிடிதான் சிங்கிள். ஏகேபி48 என்ற பெண்கள் குழுவின் 'கோய்சுரு ஃபார்ச்சூன் குக்கி'யையே எடுத்துக்கொள்வோம். 2013 ஆகஸ்ட் 21 அன்று வெளிவந்த அவர்களின் 32ஆவது சிங்கிள் அது.

ஒரே பாட்டுதானே என்று கையில் கிடைத்த சிடியை வாங்கிவிடாதீர்கள். டைப் ஏ, டைப் கே, டைப் பி, தியேட்டர் பதிப்பு என்று நான்கு வகை உண்டு. முதல் பாட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான், கூட வரும் பாட்டுகள் மாறும். பழைய சிடி விற்கும் இடங்களில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் தியேட்டர் பதிப்பாக இருக்கும். அதில் டிவிடி கிடையாது. பாடகிகளோடு கைகுலுக்கும் நிகழ்ச்சிக்கான டிக்கெட்டுக்காகவே ரசிகர்கள் அதைக் கத்தை கத்தையாக வாங்கினார்கள். டிக்கெட்டை உருவிக்கொண்டு சிடியைத் தள்ளிவிட்டார்கள். சரி, டிவிடி உள்ள வகையையே வாங்கினாலும் இன்னொரு சிக்கல்: எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் மண்டல எண் டிவிடிகளுக்கு உண்டு. ஜப்பானின் எண் 2, இந்தியாவுடையது 5. வீட்டு பிளேயரில் ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல் வாரத்தில் 13 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதை 13 லட்சம் பேர் வாங்கினார்கள் என்று படித்தால் கணக்கு தப்பிவிடும். காரணம் மேலே சொன்னதுதான்.

சென்டரில், அதாவது மேடையில் நடுநாயகமாக முன்வரிசையில் நிற்பவர்தான் தலைவி என்பதும் தவறு. இந்தப் பாட்டின் சென்டர் சஷிஹாரா ரினோ. அப்போது அவர் ஃபுகுவோகாவைச் சேர்ந்த சகோதரிக் குழுவான எச்கேடி48இல் இருந்தார். ரசிகர்கள் வாக்களித்த தேர்தலில் 1,50,570 வாக்குகளோடு முதலிடம் பிடித்ததால் அந்த இடம் கிடைத்தது. ஏகேபி48இன் தலைவியாக அப்போது இருந்தவர் தகஹாஷி மினாமி. அப்புறம், அந்தத் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு இந்த சிடியில் இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது இருந்தது முந்தைய சிங்கிளில்.

தாய்லாந்தின் சகோதரிக் குழுவான பிஎன்கே48 இதே பாட்டைப் பாடியதை முதலில் கேட்டுவிட்டு அதுவே அசல் என்று வாதாடுபவர்களும் உண்டு. அது வந்தது 2017இல்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, டிக்கெட் வியாபாரம்தானே என்று பாட்டையே ஒதுக்குவது இன்னொரு தவறு. எழுபதுகளின் டிஸ்கோ வாடை அடிக்கும் மெட்டு, யாரும் ஆடிவிடக்கூடிய எளிய அசைவுகள். கனகாவா மாகாணக் காவல் துறையினர்கூட இதற்கு ஆடி வீடியோ போட்டார்கள். அவர்களுக்கு யாரும் கைகுலுக்க டிக்கெட் கொடுக்கவில்லை.