பூனை உடம்பில் பொருக்கா? களிம்பு தேடும் முன் இதைச் செய்யுங்கள்

பூனையைத் தடவும்போது முடிக்கு அடியில் குருணை மாதிரி ஏதோ விரலில் நெருடுகிறது, விலக்கிப் பார்த்தால் சின்னச் சின்னப் பொருக்குகள். அரிப்பு தாங்காமல் பூனை நக்கிக் கடித்துச் சொறிந்த இடம் காய்ந்து போயிருக்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். எங்கள் பூனைக்கு இது வந்தபோது எந்த மருந்தைப் பூசலாம் என்பதைவிட அரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடியதுதான் பலன் தந்தது. அதே வரிசையில் எழுதுகிறேன்.

1. எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வால் தொடங்கும் இடம், இடுப்பு, கழுத்து என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. காதுக்குள் காபித்தூள் போல அழுக்கும் காதைச் சுற்றிச் சொறிந்த புண்ணும் இருந்தால் காதுப் பூச்சி. தாடையில் கரும்புள்ளிகளோடு பொருக்கு என்றால் பூனைக்கு வரும் முகப்பருவாக இருக்கலாம். பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வரோ பீங்கானோ வையுங்கள். வட்டமாக முடி கொட்டிச் செதில் உதிர்ந்தால் படர்தாமரை. இது நமக்கும் ஒட்டும், அதனால் கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். தலையும் கழுத்தும் மட்டும் ஓயாமல் அரித்தால் உணவு ஒவ்வாமையையும் யோசிக்க வேண்டும்.

2. ஈரக் காகிதச் சோதனை

நான் ரொம்ப நாள் சுற்றிச்சுற்றி வந்த இடம் இது. "பார்த்துவிட்டேன், ஒரு தெள்ளுகூட இல்லை" என்று எல்லோரும் சொல்வோம். பூனை நாள் முழுக்க நக்கித் தன்னைச் சுத்தம் செய்யும் பிராணி, தெள்ளை நக்கி விழுங்கிவிடும், நம் கண்ணில் எப்படிப் படும்? தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு நாலைந்து கடி போதும், உடம்பெல்லாம் பொருக்கு கிளம்பிவிடும். எனவே தெள்ளைத் தேடாதீர்கள், அதன் கழிவைத் தேடுங்கள். பல் நெருக்கமான தெள்ளுச் சீப்பால், உலோகப் பல் உள்ளதாக இருக்கட்டும், பிளாஸ்டிக் சீப்பு வளைந்து கொடுத்து ஏமாற்றும், வால் பக்கம் தோலை ஒட்டி வாருங்கள். சீப்பில் வருவதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். கருப்புத் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது செரித்த ரத்தம், தெள்ளு இருக்கிறது என்று அர்த்தம். வெறும் மண் என்றால் நிறம் கசியாது. அதற்காக ஒன்றும் வரவில்லை என்பதால் தெள்ளு இல்லை என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

3. சொட்டு மருந்து

தெள்ளுக் கழுத்துப்பட்டையைவிடச் சொட்டு மருந்துதான் என் கட்சி. செலாமெக்டின், ஃபிப்ரோனில் போன்றவை பூனைக்கென்றே வருகின்றன. எடை பார்த்து, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், குட்டிக்கு வயதும் பார்க்க வேண்டும். பின்கழுத்தில், மண்டைக்குக் கீழே நாக்கு எட்டாத இடத்தில் முடியை இரண்டாகப் பிரித்து வெள்ளைத் தோல் கோடாகத் தெரிந்த பிறகே குழாயை வைத்து அழுத்துங்கள். முடிமேல் விட்டால் மருந்து வழிந்து வீணாகும். வீட்டில் உள்ள எல்லாப் பூனை நாய்க்கும் ஒரே நேரத்தில், அதனதன் மருந்தைப் போட வேண்டும்.

4. வீடு

பூனைமேல் இருப்பது கொஞ்சம், தெள்ளின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் விரிப்பிலும் சோபா இடுக்கிலும்தான் கிடக்கின்றன. படுக்கைத் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், வேக்கூம் போட்டுக் குப்பையை உடனே வெளியே கொட்டுங்கள். கூட்டுக்குள் இருப்பது மருந்துக்கும் அசையாது, மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். சொட்டு மருந்தை ஒரு மாதம் போட்டுவிட்டு "சரியாகிவிட்டது" என்று நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. மூன்று மாதமாவது விடாமல் போடுங்கள்.

5. புண்

பொருக்கைப் பிய்க்காதீர்கள். அழுக்காக இருந்தால் கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்துப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், போதும். மனிதர்களின் களிம்பு, டெட்டால், டீ ட்ரீ ஆயில் எதுவும் வேண்டாம், பூசியதெல்லாம் நக்கி வயிற்றுக்குள் போகும். வலிக்குமே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும். சொறிவது நிற்கவில்லை என்றால் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டலாம்.

சீழ், வீக்கம், நாற்றம், காய்ச்சல், சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பூனைச் சண்டையில் பட்ட கடி மேலே சின்னப் பொருக்காகவும் உள்ளே சீழ்க்கட்டியாகவும் இருக்கும். வெள்ளைப் பூனையின் காது நுனியிலோ மூக்கிலோ ஆறாத பொருக்கு இருந்தால் நாள் கடத்தாதீர்கள், வெயிலால் வரும் தோல் புற்றுநோயாக இருக்க வாய்ப்புண்டு. உணவு ஒவ்வாமை என்று மருத்துவர் சந்தேகித்தால் புதிய உணவை மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுக்கச் சொல்வார். நடுவில் ஒரு துண்டு பழைய தீனி கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும், வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

பிற்சேர்க்கை: நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, பாதி அளவு போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது விஷம், நடுக்கமும் வலிப்பும் வந்து செத்தே போகலாம். தவறிப் பட்டுவிட்டால் உடனே மருத்துவருக்கு ஃபோன் செய்யுங்கள், அட்டைப்பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொரு கேள்வி, குளிப்பாட்டலாமா என்று. மருந்து போட்ட நாளிலும் அதற்கு முன்பின் இரண்டு நாளும் வேண்டாம்.