சேஜ்பிரஷ், வார்ம்வுட் செடிகளை இனங்காண்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரை ஒட்டி எழும் குன்றுகளில் நடப்பவர்கள் முதலில் காண்பது சாம்பல் பூத்த நிறத்தில் பரந்து கிடக்கும் சேஜ்பிரஷ் புதர்களைத்தான். அவையெல்லாம் ஒரே செடி என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். காட்டுத்தீயில் அழிந்த நிலத்தில் தூவுவதற்காக விதை சேகரிக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் சேர்ந்த பிறகே, இனம் அறியாமல் விதை எடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்தது. அவற்றுள் ஓர் இனமான பெரிய சேஜ்பிரஷ் எரிந்துவிட்டால் வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பதில்லை. விதையிலிருந்துதான் அது திரும்ப வர வேண்டும். மழை கூடுதலான மலைச்சரிவில் எடுத்த விதையை வறண்ட தாழ்நிலத்தில் தூவினால் நாற்றுகள் பெரும்பாலும் நிலைப்பதில்லை.

சேஜ்பிரஷ்ஷும் வார்ம்வுட்டும் சூரியகாந்திக் குடும்பத்தின் ஆர்டிமீசியா பேரினத்தைச் சேர்ந்தவை. பூச்சரத்தில் இடையிடையே வைத்துக் கட்டும் மருக்கொழுந்தும், நீலகிரியில் வளரும் மாசிபத்திரியும் இதே பேரினம்தான் என்பதால், அந்த மணத்தை அறிந்த மூக்குக்கு இந்தப் பாடம் எளிது. விவிலியத் தமிழில் வார்ம்வுட் என்பதற்கு 'எட்டி' என்ற சொல் ஆளப்பட்டிருக்கிறது; ஆனால் நம் ஊர் எட்டி மரத்துக்கும் இச்செடிகளுக்கும் எந்த உறவும் இல்லை.

தேவையான கருவிகள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் குறியுள்ள சிறு அளவுகோல், செடிக்கு ஒன்றாகக் காகித உறைகள், புற ஊதா டார்ச் ஆகியவை போதும். இருபது மடங்கு லென்ஸ் வாங்க வேண்டாம். காற்று வீசும் திறந்தவெளியில் அதைக் குவியப்படுத்துவதற்குள் பொறுமை போய்விடும். படம் எடுத்தால் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகளை நான் பேரினம் வரை மட்டுமே நம்புகிறேன்.

முதற்படி: கசக்கி முகர்தல்

ஓர் இலையை விரல்களுக்கிடையே கசக்குங்கள். கற்பூரமும் கசப்பும் கலந்த நெடி எழவில்லையென்றால் அது ஆர்டிமீசியாவாக இருக்க வாய்ப்புக் குறைவு. இந்த ஒரு சோதனையே பிட்டர்பிரஷ் என்னும் புதரை விலக்கிவிடும். பெரிய சேஜ்பிரஷ்ஷைப் போலவே அதன் இலை நுனியிலும் மூன்று பற்கள் உண்டு, அறிவியற்பெயரிலும் 'டிரைடென்டேட்டா' உண்டு. ஆனால் அது ரோஜாக் குடும்பம், இலையின் மேற்புறம் பச்சை, வசந்தத்தில் ஐந்து இதழ்களுடன் மஞ்சள் பூ பூக்கும். ராபிட்பிரஷ் என்னும் புதருக்குத் தனி நெடி உண்டு. எனினும் பிளவே இல்லாத ஒடுங்கிய இலைகளாலும், இலையுதிர்காலத்தில் பளிச்சென்று தெரியும் மஞ்சள் பூக்களாலும் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆர்டிமீசியாவின் பூந்தலைகளோ சில மில்லிமீட்டரே உள்ளவை. இதழ் போல் விரியும் கதிர்ப்பூக்கள் அவற்றில் இல்லை.

இரண்டாம் படி: தண்டு

அடிமுதல் மரத்தன்மை கொண்டு, பட்டை நாராக உரியும் புதர் என்றால் அது சேஜ்பிரஷ்; மூன்றாம் படிக்குச் செல்லுங்கள். குளிர்காலத்தில் தரையோடு மடிந்து, வசந்தத்தில் மீண்டும் தண்டு விடும் செடி என்றால் நான்காம் படிக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: எந்த இலையைப் பார்ப்பது?

நான் முதல் ஆண்டு முழுவதும் தவறியது இங்கேதான். மே மாதத்தில் குன்றேறி, பச்சையாக, பெரிதாக இருந்த இலைகளைப் பறித்து அளந்து, அவற்றின் ஆழமான பிளவுகளைக் கண்டு 'மூநுனி சேஜ்பிரஷ்' என்று குறித்துவைத்தேன். ஆகஸ்டில் அதே புதருக்குத் திரும்பியபோது அந்த இலைகளில் ஒன்றுகூட இல்லை. எஞ்சியிருந்த சிறிய சாம்பல் இலைகள் நுனியில் மட்டும் மூன்று சிறு பற்களோடு, ஐயத்துக்கு இடமில்லாத பெரிய சேஜ்பிரஷ்ஷாக நின்றன.

காரணம் இதுதான். பெரிய சேஜ்பிரஷ் இரண்டு வகை இலைகளை விடுகிறது. வசந்தத்தின் ஈரத்தில் வெளிவரும் பருவ இலைகள் பெரியவை, ஒழுங்கற்ற பிளவுகள் கொண்டவை. கோடை வறட்சி தொடங்கியதும் உதிர்ந்துவிடும். நிலைத்த இலைகளோ குளிர்காலம் முழுவதும் கிளையிலேயே இருக்கும். இனங்காணும் அட்டவணைகளில் உள்ள அளவுகளெல்லாம் நிலைத்த இலைகளுக்கு உரியவை. பூந்தண்டில் உள்ள இலைகளும் உதவாது. அவற்றில் பல பற்களே இல்லாதவை. ஆகவே கோடையின் பிற்பகுதியிலோ குளிர்காலத்திலோ சென்று, பூக்காத கிளைகளிலிருந்து பத்து இலைகளாவது எடுங்கள். ஓர் இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சரியான இலை கையில் இருந்தால் மற்றவை விரைவில் பிரியும். 1841இல் தாமஸ் நட்டால் 'மூன்று பல்' என்ற பொருளில் டிரைடென்டேட்டா என்று பெயரிட்ட பெரிய சேஜ்பிரஷ்ஷில் இலை நுனி மட்டும் ஆழமின்றிப் பிளந்திருக்கும். மூநுனி சேஜ்பிரஷ்ஷில் பிளவு இலையின் பாதியையும் தாண்டி இறங்கி, மூன்று ஒடுங்கிய கீற்றுகளாகும். வெள்ளி சேஜ்பிரஷ்ஷின் இலைக்குப் பெரும்பாலும் பற்களே இல்லை. அரை மீட்டரைத் தாண்டாத புதர் என்றால், இலை சற்றுக் கரும்பச்சையாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்து, பழைய பூந்தண்டுகள் செம்பழுப்பாக நின்றிருந்தால் கருஞ்சேஜ்பிரஷ். சாம்பல் நிறமாகவே இருந்தால் குட்டை சேஜ்பிரஷ் என்று எண்ணலாம்.

பெரிய சேஜ்பிரஷ்ஷின் மூன்று துணையினங்களே உண்மையான சோதனை. ஆழமான மண்ணில் ஆள் உயரத்துக்கு மேலும் வளர்ந்து, புதரின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக, இலை நீண்டு ஒடுங்கி இருப்பது சமவெளித் துணையினம். வறண்ட, ஆழமற்ற மண்ணில் ஒரு மீட்டருக்கும் குறைவாகக் கலைந்து வளர்வது வயோமிங் துணையினம். கத்தரித்ததுபோல் மேற்பரப்பு சமமாக இருந்து, அதற்கு மேலே பூந்தண்டுகள் எழுந்து நின்று, இலை அகன்ற ஆப்பு வடிவில், இனிய மணத்தோடு இருப்பது மலைத் துணையினம். பின்னிரண்டையும் பிரிக்க, கசக்கிய சில இலைகளை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் இட்டு, இருட்டறையில் புற ஊதா ஒளி பாய்ச்சுங்கள். மலைத் துணையினத்தில் உள்ள கூமரின் சேர்மங்கள் தண்ணீரை நீலவெண்மையாக ஒளிரச் செய்யும். வயோமிங் துணையினம் மங்கலாகவே இருக்கும். இரண்டும் கலந்த கலப்பினங்களும் உண்டு. இடைப்பட்ட ஒளிர்வைக் கண்டால் அப்படியே குறித்துவையுங்கள், வலிந்து ஒரு பெயரைச் சூட்ட வேண்டாம்.

நான்காம் படி: வார்ம்வுட் செடிகள்

இங்கே இலையின் அடிப்புறமே முதல் சாட்சி. மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் வெண்பஞ்சு போர்த்தியும் இருந்தால் மக்வொர்ட். இருபுறமும் வெண்மையாக இருந்து, வேர்த்தண்டால் கூட்டமாகப் பரவினால் பெரும்பாலும் லூயிசியானா வார்ம்வுட். இலை பிளவுபடாமல், பச்சையாக, மயிரின்றி, கோடுபோல் இருந்தால் டாரகன். இரண்டு மூன்று முறை பிளந்து, இருபுறமும் பட்டுப்போன்ற மயிர் படர்ந்திருந்தால், ஐரோப்பா, ஆசியாவிலிருந்து வந்து இங்கே களையாகிவிட்ட அப்சிந்த் வார்ம்வுட் என்று கருதி, பூந்தலையைப் பிரித்துப் பாருங்கள். சிறு பூக்கள் அமர்ந்திருக்கும் அடித்தளமான பூத்தளத்தில், அப்பூக்களுக்கிடையே மெல்லிய மயிர்கள் லென்ஸில் தெரிய வேண்டும். தரையொட்டிப் படரும் ஃபிரிஞ்ச்டு சேஜ்வொர்ட்டிலும் அம்மயிர் உண்டு. ஆனால் அதன் இலைகள் நூல்போல் நுண்ணியவை, செடியும் முழங்கால் உயரத்துக்குள் அடங்கிவிடும். இவற்றில் எதையும் சுவைத்துப் பார்க்க வேண்டாம். அப்சிந்த் வார்ம்வுட்டில் துஜோன் என்னும் நச்சுத்தன்மையுள்ள சேர்மம் இருக்கிறது.

பிற்சேர்க்கை

புற ஊதாச் சோதனையில் எல்லா மாதிரிகளுமே ஊதாவாகத் தெரிவதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில் இருவரிடமும் இருந்தது 395 நானோமீட்டர் டார்ச். அது கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியையும் சேர்த்து உமிழ்வதால் மெல்லிய ஒளிர்வு அதில் மூழ்கிவிடுகிறது. சற்று விலை கூடினாலும் 365 நானோமீட்டர் டார்ச்சையே வாங்குங்கள். ஒளியைக் கண்ணுக்கு நேராகப் பாய்ச்சாதீர்கள். டார்ச் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, குயினைன் உள்ள டானிக் வாட்டரை மற்றொரு குவளையில் ஊற்றி அருகே வையுங்கள். அது நீலமாக ஒளிர்ந்து, இலைத்தண்ணீர் மங்கலாகவே இருந்தால், உங்கள் கையில் இருப்பது மலைத் துணையினம் அன்று.