ஜிபிஏ குறைவு, ஆனால் ஸ்பீச் பேத்தாலஜி படிக்க ஆசை: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எச்-1பி வேலை விசாக்காரரின் துணையாக எச்-4 விசாவில் வந்திறங்கி, வீடு ஓரளவு செட் ஆனதும் இங்கே என்ன படிக்கலாம் என்று தேடத் தொடங்குபவர்களில் சிலர் பேச்சு, மொழிக் குறைபாடுகளுக்குச் சிகிச்சை தரும் ஸ்பீச் பேத்தாலஜியில் வந்து நிற்கிறார்கள். ஸ்பீச் பேத்தாலஜிஸ்ட் ஆக சிஏஏ என்ற இத்துறைப் படிப்புகளுக்கான அங்கீகாரக் குழுவின் அங்கீகாரம் பெற்ற மாஸ்டர்ஸ் தேவை. இடங்களுக்குப் போட்டி கடுமை. பல்கலைக்கழகங்களில் இதை நடத்தும் பல துறைகள் 4-க்கு 3.0 ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) இருந்தால்தான் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்கும். ஊரில் 62 சதவீதத்தோடு பட்டம் வாங்கியவர் இதைப் படித்ததும் 62-ஐ 25-ஆல் வகுக்கிறார். 2.48 வருகிறது. அத்தோடு ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்.

அந்தக் கணக்கே தப்பு. நம் ஊரில் 60 சதவீதம் முதல் வகுப்பு என்பது வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களுக்குத் தெரியும். வெஸ் போன்றவை நேராக வகுப்பதில்லை. அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் முறையை வைத்து ஒவ்வொரு பாடத்தையும் இங்குள்ள கிரேடாக மாற்றுகின்றன. வெஸ் தளத்தில் இலவசக் கணிப்பானே இருக்கிறது, முதலில் அதில் போட்டுப் பாருங்கள். அப்புறம் பாடவாரியான அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். ஊரிலிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விடும் என்பதால், அந்த வேலையைக் கோடையிலேயே தொடங்குங்கள். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்பதையும் ஒவ்வொரு துறையிடமும் கேட்டுவிடுங்கள்.

சரி, அப்படி மாற்றியும் 2.8 தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு துறையில் பட்டம் பெற்றவர் எப்படியும் ஒலியியல், பேச்சு உறுப்புகளின் உடற்கூறு, குழந்தைகளின் மொழி வளர்ச்சி, கேட்பியல் போன்ற அடிப்படைப் பாடங்களை இங்கே படிக்க வேண்டும். இவற்றை லெவலிங் என்பார்கள். ஆன்லைனிலும் கிடைக்கும், யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் படிப்பு பலருக்கும் தெரிந்த ஒன்று. ஜிபிஏ குறைந்தவருக்கு உண்மையான வாய்ப்பு இங்கேதான். 120 கிரெடிட்டில் 2.8 வைத்திருப்பவர் 30 கிரெடிட் லெவலிங் பாடங்களை முழுக்க 'ஏ' வாங்கி முடித்தாலும், மொத்தம் 3.04 தான் ஆகும். ஆனால் கடைசி 60 கிரெடிட்டை மட்டும் பார்க்கும் துறையில், பழைய படிப்பின் கடைசி 30 கிரெடிட்டில் 3.0 இருந்திருந்தால் அதே ஆள் 3.5 ஆகத் தெரிவார். அதனால் விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு துறையிடமும் எந்த ஜிபிஏவைப் பார்க்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கூச்சமே வேண்டாம், இது அவர்களுக்குப் பழகிய கேள்விதான். உயிரியல், புள்ளியியல், சமூக அறிவியல், இயற்பியல் அல்லது வேதியியல் ஆகியவையும் ஆஷா என்ற அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் தரும் தொழில் சான்றிதழுக்குத் தேவை. பி.இ. முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் உயிரியல்தான் விடுபட்டிருக்கும். கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் முடிக்கலாம்.

லெவலிங் ஆசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆபீஸ் ஹவரை விடாதீர்கள். உங்களை நேரில் அறிந்த இங்குள்ள ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கு எடை அதிகம். பத்து வருடத்துக்கு முன் ஊரில் பாடம் நடத்திய துறைத்தலைவரின் பொதுப்படையான கடிதத்துக்கு அந்த எடை வராது.

எங்கே விண்ணப்பிப்பது? ஆஷா அமைப்பின் எட்ஃபைண்ட் என்ற இணையத் தேடலில் ஒவ்வொரு துறைக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், அவர்களுடைய ஜிபிஏ என்ன என்று பார்க்கலாம். பெயர் பெற்ற இடங்களுக்கே எல்லா விண்ணப்பத்தையும் அனுப்புவது பணத்துக்குக் கேடு. புதிதாகத் தொடங்கி, இன்னும் 'கேண்டிடசி' என்ற, முழு அங்கீகாரத்துக்கு முந்தைய நிலையில் இருக்கும் துறைகளையும் பாருங்கள். அங்கே படித்தாலும் ஆஷா சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும். பெயர் பரவாததால் கூட்டமும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. பெரும்பாலான துறைகளுக்கு சிஎஸ்டிகேஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தோற்று மறுபடி படித்த பாடத்தின் இரண்டு கிரேடையும் அது கணக்கில் எடுக்கும். அரியர் இருந்தால் மறைக்காமல் விண்ணப்பக் கட்டுரையில் இரண்டு வரியில் காரணம் சொல்லிவிட்டு, மீதி இடத்தை இப்போதைய மதிப்பெண்களுக்கும் அனுபவத்துக்கும் கொடுங்கள்.

நம் உச்சரிப்பை வைத்து நிராகரிப்பார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். உச்சரிப்பு வேறாக இருப்பதால் மட்டும் ஒருவரை இந்தத் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்பது 1998 முதலே ஆஷாவின் நிலைப்பாடு. தமிழும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், அது பலம்தான்.

விசா விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எச்-4-இல் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பள வேலை பார்க்க முடியாது. உதவியாளராகச் சேர்ந்து அனுபவம் சேர்க்கும் வழியும் அப்போது அடைபடும். படிப்பு முடிந்ததும் சான்றிதழுக்காகச் செய்ய வேண்டிய கிளினிக்கல் ஃபெலோஷிப் பொதுவாகச் சம்பள வேலை: குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம். எஃப்-1 மாணவர் விசாவில் படித்தவருக்குக் கிடைக்கும் 12 மாத ஓபிடி என்ற வேலை அனுமதிக்குள் இதை முடித்துவிடலாம். எச்-4-க்கு ஓபிடி கிடையாது. எந்த விசாவில் படிப்பது என்று கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிட்டு, அதன் பிறகு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.