தூசிக்குப் பயந்து மூடிய கேபினெட் வாங்காதீர்கள்

சென்ற மாதம் பர்கூரிலிருந்து ஓர் இளைஞர், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் கேபினெட்டை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரியில் உள்ள என் கடைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் முகப்பு முழுவதும் கறுப்புக் கண்ணாடி, அதற்குப் பின்னால் வண்ண விளக்கு எரியும் மூன்று ஃபேன்கள். "நம்ம ஊர் கல்தூளுக்கு இதுதாண்ணா சரி, முன்னாடி ஓட்டையே இல்ல பாருங்க" என்றார். 2018-இல் இதே வாக்கியத்தை நானே ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லி, அவர் பணத்தையும் என் நேரத்தையும் வீணடித்திருக்கிறேன் என்பதால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஃபேனைத் திருப்பி மாட்டுவது, பின்பக்கத் தகட்டை மறந்துவிட்டு மதர்போர்டைப் பொருத்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு முறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார். பணம் கொடுத்து வாங்கிய பின் திருத்த முடியாத தவறுகளே இங்கே முக்கியம்.

மூடிய முகப்பு

கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்தில் கிரானைட் அறுக்கும், மெருகேற்றும் பட்டறைகளைச் சுற்றியுள்ள வீடுகளிலும் அலுவலகங்களிலும் மேசையைக் காலையில் துடைத்தால் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறவருக்கு முன்பக்கம் வலையாக இருக்கும் கேபினெட்டைப் பார்த்தால் பயம் வருவது இயல்பே. மூடியிருந்தால் தூசி வராது என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு பீரோவுக்குப் பொருந்தும். கேபினெட்டுக்குப் பொருந்தாது, ஏனென்றால் பீரோவின் முதுகில் ஃபேன் சுற்றுவதில்லை.

பின்புற ஃபேன் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தள்ளப்பட்ட அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும். முகப்பில் வழி இருந்தால் அங்குள்ள வலையின் வழியாக, தூசி வடிகட்டப்பட்டு வரும். முகப்பை அடைத்தால், பின்பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே இருக்கும் ஸ்லாட் தகடுகளின் துளைகள், பக்கக் கதவின் இடுக்கு, யு.எஸ்.பி. துளைகளின் ஓரம் என்று வடிகட்டி இல்லாத இடங்களையெல்லாம் தேடிப்பிடித்து வரும். கேபினெட்டை மூடியவர் தூசியைத் தடுக்கவில்லை, வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போக அதற்கு வழி காட்டியிருக்கிறார்.

கிரானைட் பட்டறை அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த இயந்திரத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். முகப்புக் கண்ணாடியைக் கழற்றியபோது அதன் பின்னால் இருந்த நைலான் வடிகட்டி ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. பக்கக் கதவைத் திறந்தால், ஸ்லாட் தகடுகளின் ஒவ்வொரு துளைக்கும் நேராக உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு, விபூதிப் பட்டை போட்டதுபோல. பிராசசரின் மேலிருந்த, அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூள் ஒட்டடையோடு சேர்ந்து இறுகி, ப்ளோயர் வைத்து ஊதியும் அசையாமல், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டியே எடுக்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் ஓடிய இயந்திரத்தில் வடிகட்டி சுத்தமாக இருந்தால் அது நல்ல செய்தி அல்ல. காற்று அந்த வழியே வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இனி என் கதை. 2018-இல் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குத் திருமண வீடியோ எடிட்டிங் செய்ய ஓர் இயந்திரம் கட்டிக் கொடுத்தேன். கோர் ஐ7-8700 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. அந்த வேலைக்கு அப்போது தாராளமானவை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, முகப்பில் கண்ணாடி பதித்த கேபினெட் ஒன்றை வாங்கி, ஓசூர் வழியாக வரும் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மார்கழிக் குளிரில் சோதித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கியதும் ஸ்டுடியோக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது: இரவில் ரெண்டருக்குப் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலைக்கு) போட்டுவிட்டுப் போனால் காலையில் பாதிகூட முடிந்திருப்பதில்லை.

பிராசசர் 100 டிகிரியைத் தொட்டு, அதைத் தாண்டாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. நான் முதலில் பிராசசருக்கும் கூலருக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்டைச் சந்தேகித்து மாற்றினேன். பிறகு நிறுவனம் கொடுத்த சிறிய கூலரைக் கழற்றிவிட்டுக் கோபுரம்போல் நிற்கும் பெரிய கூலர் ஒன்றை வாங்கிப் போட்டேன்; சற்றுக் குறைந்து, மறுபடி ஏறியது. அதன் பின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக்கூட மாற்றினேன் என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. மேல்பக்கம் இரண்டு ஃபேன்களைக் கூடுதலாகப் பொருத்தியது உச்சம். அவையும் காற்றை வெளியே தள்ளுகிறவை என்பதால், உள்ளே வர வழியில்லாத பெட்டியிலிருந்து இன்னும் வேகமாக உறிஞ்சின, அவ்வளவுதான்.

ஒரு நாள் துடைப்பதற்காக முகப்பைக் கழற்றி வைத்தேன். அதற்குள் ஸ்டுடியோவில் அவசரமாக ரெண்டர் போட வேண்டும் என்றதால், முகப்பை மாட்டாமலேயே ஓட்டினோம். வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. முகப்பைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் சுண்டுவிரல்கூட நுழையாத இடுக்கு ஒன்றே காற்றுக்கு வழியாக இருந்ததைக் கவனித்தேன். முகப்பின் மூன்று ஃபேன்களும் கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, வெளிக்காற்று போதாததால், ஓரங்களின் வழியே பெட்டிக்குள் இருந்த சூடான காற்றையே இழுத்துத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருந்தன.

சந்தேகம் தீர ஓர் ஊதுபத்தியை ஏற்றி முகப்பின் அருகே பிடித்தேன். கண்ணாடிக்கு நேரே புகை செங்குத்தாக மேலே போனது. பக்க இடுக்கில் லேசாக வளைந்தது. பின்னால் ஸ்லாட் துளைகளின் அருகே கொண்டுபோனதும் புகை நூல்போல நீண்டு உள்ளே ஓடியது. இந்தச் சோதனைக்குச் செலவு ஓர் ஊதுபத்தி. இதைச் செய்யாமல் நான் செலவழித்தது ஒரு கூலர், ஓர் எஸ்.எம்.பி.எஸ்., இரண்டு ஃபேன்கள், நல்ல வாடிக்கையாளர் ஒருவரின் பாதி நம்பிக்கை.

மார்கழியில் தெரியாதது வைகாசியில் ஏன் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாகங்களின் வெப்பம் அறை வெப்பத்தின் மேல் ஏறி நிற்பது. அறை 22 டிகிரியாக இருக்கும்போது 70 காட்டும் கார்டு, ஃபேன் வேகமும் வேலையும் மாறாமல் இருந்தால், அறை 37 டிகிரியாகும்போது ஏறத்தாழ 85-ஐ எட்டப் பார்க்கும். ஆகவே ஓசூர்க் குளிரில் நண்பர் வீட்டில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக அதே கேபினெட்டைக் காவேரிப்பட்டணத்தில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறைக்கு வாங்குவது சரியான ஒப்பீடு அல்ல.

கடையில் செய்ய வேண்டியது மிகவும் எளிது. முகப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். கழற்றிய முகப்புக்குப் பின்னால் கைப்பேசி விளக்கை வைத்துப் பாருங்கள். ஒளி பரவலாக ஊடுருவினால் காற்றும் ஊடுருவும். வெளியே வலைபோல் அச்சடித்து, பின்னால் பிளாஸ்டிக் தகட்டால் அடைத்த முகப்புகள் விற்பனையில் நிறைய உண்டு. அவற்றை இந்த விளக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும். வடிகட்டி, பெட்டியைத் திறக்காமல் முன்பக்கமாகவே உருவி எடுக்கும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அதைக் கழுவவே மாட்டீர்கள். வலை முகப்புக்குப் பின்னால் 120 அல்லது 140 மி.மீ. ஃபேன் இரண்டு உள்ளிழுக்க, ஒன்று பின்னால் வெளித்தள்ள இருந்தால் பெரும்பாலான வீட்டு இயந்திரங்களுக்குப் போதும். வெளியேறுவதைவிட உள்ளே வருவது சற்று மிகுதியாக இருந்தால், இடுக்குகளின் வழியே காற்று வெளியேதான் போகும். தூசி வடிகட்டியில் தங்கும். பட்டறை அருகில் இருப்பவர்கள் அதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்ட வேண்டும். வலையில் தூசி படிவதைப் பார்த்து வருந்தாதீர்கள், அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஃபேன் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது

கண்ணாடிக்குப் பின்னால் மூன்றைவிட வலைக்குப் பின்னால் ஒன்று மேல்.

மிச்சமான பணத்தில் கேபினெட்

பிராசசர், கார்டு, மானிட்டர் எல்லாம் வாங்கிய பிறகு கையில் இருப்பதைக் கொண்டு கேபினெட் வாங்குவதே இங்கே வழக்கம். ஆனால் இன்டெல் நிறுவனம் 1995-இல் மதர்போர்டுக்கு வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு, 305-க்கு 244 மி.மீ., இன்றைக்கும் மாறவில்லை. மதர்போர்டை இரண்டு முறை மாற்றினாலும் நல்ல கேபினெட் அப்படியே இருக்கும். மிக மலிவானவற்றில் தகடு மெல்லியதாக இருப்பதால், ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலே முறுக்கிக்கொள்ளும், அதன் பின் கதவு பொருந்தாது. ஓரங்கள் மழுக்கப்படாமல் கையை அறுக்கும். என் இடது கட்டைவிரலில் அப்படி ஒரு தழும்பு உண்டு.

அட்டையில் போட்ட அளவை அப்படியே நம்புவது

"330 மி.மீ. கார்டு பொருந்தும்" என்று பெட்டியில் எழுதியிருந்தால், பெரும்பாலும் அது முன்னால் ரேடியேட்டர் (நீர்க் குளிரூட்டியில் சூட்டை வெளியேற்றும் பகுதி) இல்லாதபோது உள்ள அளவு. முகப்பில் நீர்க் குளிரூட்டி வைத்தால் ரேடியேட்டருக்கு ஏறத்தாழ 27, அதன் ஃபேனுக்கு 25, ஆக 52 மி.மீ. போய்விடும். மிஞ்சும் 278-இல் 300 மி.மீ. கார்டு நுழையாது. கூலரின் உயரமும் அப்படியே: கோபுர கூலர்கள் பல 155 முதல் 165 மி.மீ. வரை இருக்கின்றன, சிறிய கேபினெட்டுகளோ 150-ஐச் சுற்றி நின்றுவிடுகின்றன. பக்கக் கண்ணாடியை அழுத்தி மூடிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். அறைக்குள் ஹார்டு டிஸ்க் மாட்டும் கூடு ஒன்றும் இருந்தால், நீளமான எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்த பின் அதன் வயர்கள் வளைந்து திரும்ப இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

முதுகுப்பக்கத்தை மறப்பது

அசெம்பிள் செய்யும் சுகம் முழுவதும் மதர்போர்டுத் தட்டின் பின்புறத்தில் இருக்கிறது. தட்டுக்கும் பின்கதவுக்கும் இடையே 20 மி.மீ.யாவது இருந்தால், மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் (ஊசிமுனை) வயர் சிரமமில்லாமல் படுக்கும். குறைவாக இருந்தால், ஒருவர் கதவை முழங்காலால் அழுத்த இன்னொருவர் திருகாணி போடும் நிலை வரும். அதைவிட முக்கியம், தட்டின் மேல் இடது மூலையில் பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் வயருக்கென ஒரு துளை. அது இல்லாத கேபினெட்டில் அந்த வயர் மதர்போர்டின் குறுக்கே ஓடிக் கூலர் ஃபேனில் உரசும். துளை இருந்தாலும், மதர்போர்டைப் பொருத்திய பின் அந்த வயரை நுழைக்க விரல் போகாது. முதலிலேயே இழுத்து வைத்துவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். கீழே இருக்கும் உயரமான கேபினெட்டுகளில், வயர் அந்த மூலைவரை எட்டுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டாஃப்

மதர்போர்டில் துளை இல்லாத இடத்தில் தட்டில் ஸ்டாண்டாஃப் எனும் பித்தளைக் கால் ஒன்று நின்றால் போர்டு ஷார்ட் ஆகலாம். எண்ணிவிட்டு வையுங்கள்.

5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் செருகுவது

விளக்கு இணைப்புகளில் மூன்று பின் உள்ளது 5 வோல்ட். நான்கு பின் உள்ளது 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12-இல் செருகினால் அது ஒரே நொடியில் முடிந்துவிடும்.

கண்ணாடிக் கதவை டைல்ஸ் தரையில் சாய்ப்பது

பாயின் மேல் வையுங்கள்.

கம்ப்யூட்டர் டேபிளின் பொந்து

மூன்று பக்கமும் பிளைவுட்டால் அடைத்த அந்தப் பொந்தில் கேபினெட்டைத் தள்ளிவிட்டால், பின்னால் வெளியேறும் சூடான காற்று பலகையில் மோதி முன்னால் திரும்பி வந்துவிடும். எவ்வளவு நல்ல கேபினெட்டும் அங்கே தோற்கும். பின்பலகையைக் கழற்றிவிடுங்கள், அல்லது கேபினெட்டைச் சிறு முக்காலி மேல் வெளியே வையுங்கள். தரையிலேயே வைத்தால், அடியில் காற்றிழுக்கும் எஸ்.எம்.பி.எஸ். துடைப்பத்தில் கிளம்பும் தூசி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். சூடு தாங்காமல் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனைத் திருப்பி வைப்பவர்களுக்கு ஒரே சொல்: பல்லி.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள்

பர்கூர் இளைஞரை வேறு வாங்கி வரச் சொல்ல மனம் வரவில்லை. கண்ணாடி முகப்பைக் கழற்றினோம். நடுவில் இருந்த கண்ணாடி தனியாக வருகிற வகை என்பதால், அதை எடுத்துவிட்டு, சட்டத்தின் அளவுக்கு ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையை வெட்டி, நான்கு ஓரத்திலும் காந்தப் பட்டை ஒட்டிப் பொருத்தினோம். கொசுவலையின் கண் கல்தூளுக்குச் சற்றுப் பெரிது, அதனால் இரண்டு அடுக்கு. அதற்கு மேல் அடுக்கினால் காற்று மறுபடி திணறும். பின் ஃபேன் ஒன்றை மட்டும் வெளித்தள்ள விட்டு, மூன்று வண்ண ஃபேன்களையும் உள்ளிழுக்க வைத்தோம். வலையின் வழியே விளக்கு இன்னும் அழகாகத் தெரிகிறது என்று அவரே சொன்னார். ஊதுபத்தியை ஏற்றிக் கொடுத்தேன். முன்னால் பிடித்ததும் புகை முழுவதும் வலைக்குள் போயிற்று, ஸ்லாட் துளைகளுக்கு அருகே வெளிப்பக்கமாக வளைந்தது.