முதியோர் இல்லத்தில் காயம், துன்புறுத்தல் என்று புகார் வந்தால்: முதல்முறை விசாரிப்பவருக்கு

"கட்டிலில் இடித்துக்கொண்டார்." இல்லத்தின் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருக்கும், மகளோ "யாரோ கையை முறுக்கியிருக்கிறார்கள்" என்பார். இரண்டில் எதையும் முதல் நாளே நம்பிவிடாதீர்கள். நீங்கள் தேடப்போவது ஆளை அல்ல, நேரத்தை.

1. முதலில் மருத்துவர்

தலையில் அடி பட்டிருந்து, வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் தாமதமே கூடாது. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்குக்கூட உள்ளே ரத்தக்கசிவு பிறகு தெரியவரலாம். புகாருக்கு உள்ளான பணியாளரை அந்தப் பெரியவர் பக்கத்தில் விடாதீர்கள். அது தண்டனை இல்லை, ஏற்பாடுதான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பாலியல் தாக்குதல், கடுமையான அடி என்று சந்தேகம் வந்தால் உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள், குற்றம்சாட்டப்பட்டவரை நீங்களே குடைய வேண்டாம். பெரியவரைக் குளிப்பாட்டக் கூடாது. துணிகளைத் தனித்தனிக் காகிதப் பைகளில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

2. பதிவுகளைக் கைப்பற்றுங்கள்

சிசிடிவிதான் முதலில். பழையதன்மேல் புதியது பதிந்துகொண்டே போகும், காத்திருந்தால் கிடைக்காது. அப்புறம் ஷிஃப்ட் பட்டியல், மருந்து அட்டவணை, பராமரிப்புக் குறிப்பேடு, அழைப்பு மணிப் பதிவு (பெரியவர் மணி அழுத்திய நேரமும் பணியாளர் வந்து அதை அணைத்த நேரமும்). காயத்தைச் சம்மதம் வாங்கி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.

3. காயத்தைப் படியுங்கள்

புதிதாக விசாரிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். "மஞ்சளாகிவிட்டது, அப்படியென்றால் பழைய காயம்" என்று கணக்குப் போடாதீர்கள். 65 வயதைக் கடந்த சுமார் நூறு பேரின் தற்செயலான ரத்தக்கட்டுகளை நாள்தோறும் கவனித்து 2005-இல் வெளியான ஆய்வில், சிலருக்கு முதல் நாளே மஞ்சள் தெரிந்தது. நிறத்தைவிட இடம் அதிகம் பேசும். அந்த ஆய்வில் கிட்டத்தட்ட 90 சதவீத ரத்தக்கட்டுகள் கைகால்களில்தான். கழுத்திலும் காதிலும் பிட்டத்திலும் ஒன்றுகூட இல்லை. ஆகவே காதுக்குப் பின்னால் கன்றியிருந்தால், கட்டில் கதையை இன்னொரு முறை கேளுங்கள்.

மேல்கையின் ஒரு பக்கம் ஒரு வட்டம், மறுபக்கம் மூன்று நான்கு வட்டங்கள் என்றால் யாரோ இறுக்கிப் பிடித்திருக்கலாம். ஆனால் விழப்போனவரைத் தாங்கிப் பிடித்தாலும் அதே தடம் விழும். வயதானவர் தோல் அவ்வளவு மெல்லியது. அதனால்தான் அடுத்த படி.

4. நேரக்கோடு வரையுங்கள்

காயமில்லாமல் கடைசியாகப் பார்த்தது யார், எப்போது? காயத்தை முதலில் பார்த்தது யார்? நடுவில் உள்ள மணி நேரங்களை ஒரு தாளில் நிரப்புங்கள். உதாரணமாக, குறிப்பேட்டில் 10, 12, 2, 4 மணிக்கு "புரட்டிப் படுக்க வைத்தோம், நன்றாகத் தூங்கினார்" என்று நான்கு வரி, ஒரே பேனா, ஒரே சாய்வு. மணிப் பதிவிலோ 1.40 முதல் 2.25 வரை அவர் அழைப்பு அணைக்கப்படவே இல்லை. அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான் உங்கள் விசாரணை.

5. பேசுங்கள்

பெரியவரிடம் முதலில், தனியாக. "யார் அடிச்சா?" வேண்டாம், "கையில என்ன ஆச்சும்மா?" போதும். டிமென்ஷியா (முதுமை மறதி நோய்) இருக்கிறது என்று அவர் பேச்சைத் தள்ளாதீர்கள். தேதி தவறலாம், ஆனால் ஒருவர் உள்ளே வந்ததும் கையை மார்போடு இழுத்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான். அதையும் எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பணியாளர்களைத் தனித்தனியாக, குற்றம்சாட்டப்பட்டவரைக் கடைசியாக. "ரொம்ப நல்ல பொண்ணுங்க" என்ற சான்றிதழ் கட்டாயம் வரும். உலக சுகாதார நிறுவனம் தொகுத்த ஆய்வுகளில், இத்தகைய இல்லங்களின் பணியாளர்களில் மூன்றில் இருவர் கடந்த ஓராண்டில் தாங்களே தவறாக நடந்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேட்கும் முறையில் கேட்டால் சொல்வார்கள்.

6. முடிவு எழுதுங்கள்

உள் விசாரணைக்கு நீதிமன்ற அளவுச் சான்று பொதுவாகத் தேவைப்படாது. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே கேள்வி. "நிரூபணமாகவில்லை" என்பதை "பொய்ப் புகார்" என்று எழுதிவிடாதீர்கள். அன்றிரவு முப்பது படுக்கைக்கு ஒருவர்தான் இருந்தார் என்றால் அதுவும் அறிக்கையில் வர வேண்டும், நிர்வாகத்துக்குப் பிடிக்காவிட்டாலும். புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் பதில் அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் சொல்லாமல் ஒருமுறை போய் அந்தக் கையைப் பாருங்கள்.